இரைச்சலின் நடுவே ஒரு துடிப்பு

தமிழ்நாட்டை விட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் உத்தியோகத்தின் பொருட்டு வந்து சேர்ந்த முன் தலைமுறையினருக்கு, இரவில் வானொலி கேட்பது ஒரு பொறுமைப் பயிற்சியாகவே இருந்தது. பகல் முழுதும் எட்டாத தென்னாட்டு நிலையம் ஒன்று பொழுது சாய்ந்தபின் மத்திய அலையில் மெல்லத் தலைகாட்டும். கச்சேரி நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே பாடகரின் குரல் தேய்ந்து, கிணற்றுக்குள் இறங்கினாற்போலாகி, யாரும் எதிர்பாராத சமயத்தில் மறுபடி பெருகி மேலெழும். இடையிடையே கரகரவென்றும் சடசடவென்றும் வேறொரு சப்தம். குமிழைத் திருகுவார்கள், பெட்டியை ஜன்னலருகே நகர்த்துவார்கள், ஏரியல் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நிலையத்தாரைக் குறை கூறியவர்களும் உண்டு.

நிலையத்தார்மீது குற்றமில்லை. அங்கே நேர்ந்தவை தம்முள் வேறுபட்ட இரண்டு கோளாறுகள். குரல் தேய்ந்து எழுந்ததற்குக் காரணம், ஒரே அலை இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்ந்ததுதான். வானத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள மின்னேற்ற அடுக்குகளில் பட்டுத் திரும்பிய அலைகள், வந்த வழியின் நீளத்துக்கேற்பச் சிறிது முன்பின்னாக வந்தன. ஒன்றின் மேடும் மற்றொன்றின் மேடும் சேர்ந்தால் குரல் பெருகும். ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்தால் இரண்டும் அழிந்து போகும். அடுக்குகள் ஓரிடத்தில் நில்லாமல் அசைவதால் இந்தச் சேர்க்கையும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். கரகர சப்தமோ, எங்கோ அடித்த மின்னலாலும், பக்கத்து வீட்டு மோட்டாராலும், தீப்பொறி தெறிக்கும் சுவிட்சாலும் விளைந்தது. முன்னது அலை தன்னைத்தானே கெடுத்துக்கொண்ட கதை. பின்னது அந்நியன் உள்ளே புகுந்த கதை.

இவ்விரண்டையும் கணிதத்தின் துணையால் பிரித்தெடுத்து, அனுப்பிய செய்தியை அனுப்பியபடியே மீட்கும் கலைக்குச் சமிக்ஞைச் செயலாக்கம் என்று பெயர். கைப்பேசி பேசுவது இதனால்தான். வியப்பு என்னவெனில், அதே கணிதம் மனித இருதயத்தின் மின்துடிப்பைப் படிப்பதற்கும் பயன்படுகிறது. இருதயமும் ஓர் ஒலிபரப்பு நிலையத்தைப் போன்றதே. அதன் ஒலிபரப்பும் தேய்கிறது, கெடுகிறது, அந்நிய சப்தத்தில் மூழ்குகிறது. இங்கே தவறிப்போவது ஒரு கீர்த்தனையின் அநுபல்லவி அன்று என்பதே வேற்றுமை.

சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட நமக்கு இத்துறையில் மிகுந்த தொல்லை கொடுப்பது 'நாய்ஸ்' என்னும் சொல். 'இரைச்சல்' என்று எழுதுகிறோம். வேறு நல்ல சொல் அகப்படவில்லை. ஆனால் தமிழில் இரைச்சல் என்றால் காதில் விழுவது. இத்துறையின் இரைச்சல் காதில் விழ வேண்டுவதில்லை. காகிதத்தில் ஒரு கோடு நடுங்கினாலும் அது இரைச்சலே. மேலும், எது செய்தி, எது இரைச்சல் என்பது நாம் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒருவருக்கு வேண்டாத சப்தம் மற்றொருவருக்கு உயிரான செய்தி. இதற்குப் பின்னால் ஒரு நல்ல எடுத்துக்காட்டு வருகிறது.

இருதயம் துடிக்கும்போது மின்சாரம் பிறக்கிறது என்பதும், அதை உடம்பின் மேற்பரப்பிலிருந்தே அளக்கலாம் என்பதும் 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவரால் காட்டப்பட்டன. அதை வைத்தியத்துக்கு உதவும் கருவியாக்கியவர் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். இவர் பிறந்தது ஜாவாத் தீவில். வெள்ளி பூசிய மெல்லிய ஸ்படிக இழை ஒன்றை வலிய காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். இருதயத்தின் சிறு மின்னோட்டம் அந்த இழையில் பாயும்போது இழை அசையும். அதன் நிழலைப் பெருக்கிப் படம் பிடித்தார். கோட்டின் மேடுபள்ளங்களுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்று அவர் இட்ட பெயர்கள் இன்றளவும் வழங்குகின்றன. 1924-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவி ஆராய்ச்சிசாலையில், நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆஸ்பத்திரியில். கருவியைத் தூக்கிச் செல்லவும் இயலாது, நோயாளியை நடத்தி வரவும் இயலாது. ஐந்தோவன் செய்தது யாதெனில், 1905-இல் டெலிபோன் கம்பி வழியாக நோயாளியின் துடிப்பையே ஆராய்ச்சிசாலைக்கு வரவழைத்துவிட்டார். இருதயப் பதிவும் தொலைத்தொடர்பும் பிற்காலத்தில் யாரோ இணைத்து வைத்த இரண்டு துறைகள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றாகவே அவை தொட்டிலில் கிடந்தன.

கம்பியையும் விட்டுவிட்டு ரேடியோ அலையில் துடிப்பை அனுப்பியவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். 1940-களின் இறுதியில் அவர் அமைத்த கருவியை முதுகில் சுமக்க வேண்டும். எடை 85 பவுண்டு, அதாவது 38 கிலோவுக்கு மேல். இவ்வளவு பாரத்தைச் சுமந்தவனின் இருதயம் சாதாரணமாக எப்படித் துடிக்கும் என்று கேட்கத் தோன்றும், கேட்பதும் நியாயம். ஆயினும் படுக்கையில் அசையாமல் கிடப்பவனின் இருதயத்தை மட்டுமே அறிந்திருந்த வைத்தியத்துக்கு, நடமாடுகிறவனின் இருதயம் முதன்முறையாகக் கிட்டியது. நாள் முழுதும் இருதயத்தைப் பதிவு செய்யும் சிறு பெட்டி இன்று சட்டைக்குள் அடங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரிகளில் அதை 'ஹோல்டர்' என்றே அழைக்கிறார்கள்.

இனி விஷயத்துக்குள் நுழைவோம். மார்பின்மேல் ஒட்டிய தகட்டில் கிடைக்கும் துடிப்பின் உயரம் சுமார் 1 மில்லிவோல்ட்; டார்ச் விளக்குப் பாட்டரி ஒன்றின் மின்னழுத்தத்தில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. இந்தச் சிறு துடிப்பைச் சூழ்ந்து நிற்கும் பகைகள் மூன்று. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைவது; சுவரிலும் விட்டத்திலும் ஓடும் கம்பிகள் யாவும் நோயாளியின் உடம்பில் அந்த 50-இன் நடுக்கத்தை ஏற்றுகின்றன. அடுத்தது, நோயாளி குளிரிலோ பயத்திலோ நடுங்கினால் தசைகள் தாமே மின்சாரம் எழுப்பிக் கோட்டை முட்செடிபோல் ஆக்கிவிடுகின்றன. மூன்றாவது சுவாசம்: மூச்சு ஏறி இறங்கும்போது பதிவுக் கோடு முழுவதுமே அலைமேல் படகைப்போல் மெல்ல ஏறி இறங்குகிறது.

வேகமான நடுக்கம் வேண்டாம், மெதுவான ஆட்டமும் வேண்டாம், இடைப்பட்டது மட்டும் வந்தால் போதும் என்று வடிகட்டி ஒன்றை அமைத்துவிடலாமே என்று தோன்றும். அமைக்கிறார்கள். அங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது.

மாரடைப்பைக் கண்டுபிடிக்க வைத்தியர் முதலில் நோக்குவது, எஸ் என்னும் பள்ளத்துக்கும் டி என்னும் மேட்டுக்கும் இடையே உள்ள சிறு சமவெளியை. ஆரோக்கியமான இருதயத்தில் அது ஏறக்குறைய அடிக்கோட்டின் மட்டத்திலேயே ஓடும். இரத்தக் குழாய் முற்றும் அடைபட்டால் அது பெரும்பாலும் மேலே தூக்கிக்கொள்ளும். எவ்வளவு தூக்கிக்கொள்ளும்? காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். அதாவது 0.1 மில்லிவோல்ட் என்ற அளவிலே தீர்ப்பு நிற்கிறது. இந்தச் சமவெளி மெதுவான சமாசாரம். மெல்ல எழுந்து தாழும் மேடுபள்ளங்களைச் சேர்ந்தது. சுவாசத்தின் ஆட்டத்தைப் போக்குவதற்காக மெதுவானவற்றையெல்லாம் வெட்டி எறியும் வடிகட்டி, இதையும் சேர்த்துச் சிதைத்துவிடுகிறது. பெரிய ஆர் முனை கடந்து சென்றவுடன், பழைய வகை வடிகட்டியின் வெளியீடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, மெள்ள மெள்ளத்தான் நிலைக்கு வரும். அந்தச் சாய்வு சமவெளியின்மேல் விழுந்து, இல்லாத மாற்றத்தை உண்டாக்கிக் காட்டும், அல்லது இருக்கும் மாற்றத்தை மறைக்கும். கோடு மட்டும் பார்வைக்கு மிகவும் ஒழுங்காக இருக்கும்.

ஆகவேதான் நோய் நிர்ணயத்துக்கு எடுக்கும் பதிவில் 0.05 ஹெர்ட்ஸ் முதல் 150 ஹெர்ட்ஸ் வரை, அதாவது இருபது வினாடிக்கு ஓர் அலை என்னும் மந்தகதியிலிருந்து வினாடிக்கு 150 அலை என்னும் வேகம் வரை, கருவி கடத்த வேண்டும் என்று நிபுணர்கள் விதித்திருக்கிறார்கள். கட்டிலருகே திரையில் ஓடும் கண்காணிப்புக் கருவிக்கு அவ்வளவு வேண்டுவதில்லை, 0.5 முதல் 40 வரை போதும். ஏனெனில் அது துடிப்பை எண்ணவும், தாளம் தவறுகிறதா என்று பார்க்கவும் ஏற்பட்டது. பின்னதைக் கொண்டு முன்னதன் வேலையைச் செய்யப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பதிவை எண்களாக மாற்றிச் சேமித்து வைக்கும் இக்காலக் கருவிகள் ஒரு தந்திரம் செய்கின்றன: பதிவை முன்னிருந்து பின்னாக ஒரு முறையும், பின்னிருந்து முன்னாக ஒரு முறையும் வடிகட்டுகின்றன. முதல் தடவையில் விளைந்த சாய்வை இரண்டாம் தடவை நேர்செய்துவிடுகிறது. காலத்தைத் திருப்பி ஓட்டுவது வாழ்க்கையில் கைகூடாவிட்டாலும் சேமித்து வைத்த எண்களில் கைகூடுகிறது.

ஒரே அளவான வடிகட்டிக்கு மேல் ஒரு படி உண்டு. தானே கற்றுக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் வடிகட்டி அது. 1960-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் விட்ரோ என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர் டெட் ஹாஃப் என்பவரும் இதற்கு மிக எளிய கணித விதி ஒன்றை வெளியிட்டார்கள். (இந்த ஹாஃப்தான் பின்னாளில் 1971-இல் வெளிவந்த முதல் மைக்ரோபிராசஸர் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். இரண்டு யுகங்களைத் தொடங்கி வைக்கும் பேறு எல்லோருக்கும் கிட்டுவதன்று.)

அந்த விதியை விளக்கச் சமையலறைக்குப் போவதே உத்தமம். சாம்பாருக்கு உப்புப் பார்க்கும் குடும்பத்தலைவி என்ன செய்கிறாள்? ஒரு துளி எடுத்துச் சுவைக்கிறாள். குறைவானால் ஒரு சிட்டிகை சேர்க்கிறாள். மிகுதியானால் சிறிது வெந்நீர் விடுகிறாள். மறுபடி சுவைக்கிறாள். குறை எவ்வளவோ அதற்கேற்ற திருத்தம். அதுவும் சிறிது சிறிதாக. கை நிறைய அள்ளிப் போட்டால் ஒரு தடவை கைக்கும், மறு தடவை சப்பென்றிருக்கும், ஒருகாலும் நிலைக்கு வராது. மிகவும் அஞ்சி ஒரு கல்லாகப் போட்டுக்கொண்டிருந்தால் விருந்தினர் எழுந்து போய்விடுவார்கள். வடிகட்டியும் இவ்வாறே தன் வெளியீட்டைப் பார்த்து, பிழை எவ்வளவு என்று கணக்கிட்டு, அப்பிழைக்கேற்பத் தன் எடைகளைச் சிட்டிகை அளவில் மாற்றிக்கொள்கிறது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது.

1975-இல் விட்ரோவும் அவருடன் உழைத்தவர்களும் வெளியிட்ட கட்டுரையில் இதன் பயன்கள் பல காட்டப்பட்டன. அவற்றுள் நாம் முன்பு வாக்களித்த எடுத்துக்காட்டும் ஒன்று. கர்ப்பிணியின் வயிற்றின்மேல் தகடு ஒட்டினால் கருவிலுள்ள சிசுவின் துடிப்பு கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் அதைப்போல் இரண்டு மடங்கு முதல் பத்து மடங்கு வரை உயரமான தாயின் துடிப்பு அதன்மேல் அமர்ந்திருக்கும். தாயின் இருதயம் நிமிஷத்துக்கு எழுபது எண்பது முறையும், சிசுவின் இருதயம் 110 முதல் 160 முறையும் துடிப்பவை. இரண்டின் அலைகளும் ஒரே வகையானவை ஆதலால் சாதாரண வடிகட்டியால் அவற்றைப் பிரிக்க முடியாது. சிசுவைத் தேடும் வைத்தியருக்கு, உலகத்திலேயே பெரிய இரைச்சல் தாயின் இருதயந்தான்.

இதற்கு வழி என்ன? தாயின் மார்பிலும் தகடுகளை ஒட்டுகிறார்கள். அங்கே கிடைப்பது தாயின் துடிப்பு மட்டும். மார்பிலிருந்து வயிற்றுக்கு வருவதற்குள் அதன் வடிவம் மாறியிருக்கும். எப்படி மாறியிருக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. கருவி அதைத் தானே கற்றுக்கொள்கிறது. மார்புப் பதிவுக்கு ஏதோ சில எடைகளைக் கொடுத்து, வயிற்றுப் பதிவிலிருந்து கழித்துப் பார்க்கிறது. மிச்சத்தில் தாயின் தாளத்தோடு இசைந்து அசைவது ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் எடைகளைச் சிறிது மாற்று, மறுபடி கழி. சிசுவின் தாளம் தாயின் தாளத்தோடு சேர்ந்து போவதன்று. ஆதலால் மார்புப் பதிவை எப்படித் திரித்துக் கழித்தாலும் சிசுவின் துடிப்பைக் கழித்துவிட முடியாது. தாய் படிப்படியாக மறைகிறாள், குழந்தை தெரிகிறது. சுவர்க்கம்பியின் மின்நடுக்கத்தை நீக்கவும் இதே முறை அதே கட்டுரையில் காட்டப்பட்டிருக்கிறது: சுவரிலுள்ள பிளக்கிலிருந்தே ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு, பதிவிலிருந்து கழித்துவிடுவது. திருடனைப் பிடிக்க அவன் அடிச்சுவட்டையே பயன்படுத்துவது போன்றது இது.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசுவும் தில்லியிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமும் பேசியது. அன்று புகுந்த இரண்டாம் தலைமுறை முறையில் செய்தி பூஜ்யமும் ஒன்றுமாகிய இலக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, வினாடிக்கு 2,70,833 வீதம் செல்லும். ஓர் இலக்கம் காற்றில் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் வருகிறது. நேரே வரும் அலையைவிட அந்த அளவு சுற்றி, ஒரு குன்றிலோ அடுக்குமாடியிலோ மோதி வரும் எதிரொலி, அடுத்த இலக்கத்தின்மேல் வந்து விழும். தவிர, 900 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர் மட்டுமே. இரவு வானொலியில் நிமிஷக்கணக்கில் நிகழ்ந்த தேய்தலும் பெருகலும், இங்கே கைப்பேசியை ஒரு சாண் நகர்த்தினாலே நிகழ்ந்துவிடும். ஓடும் பஸ்ஸில் இருப்பவருக்கு வினாடிக்குப் பல தடவை.

இதைச் சமாளிக்கக் கைப்பேசி கையாளும் உபாயம் மிகவும் அழகானது. அனுப்பப்படும் ஒவ்வொரு சிறு தொகுப்பிலும் 148 இலக்கங்கள். அவற்றின் நடுவே 26 இலக்கங்கள் செய்தியல்ல. இரு தரப்பாரும் முன்னமே அறிந்த ஒரு மனப்பாடம். வாங்கும் கருவி அதைப் பார்த்து, 'நான் எதிர்பார்த்த மனப்பாடம் இது; வந்து சேர்ந்ததோ இப்படி; ஆகவே வழியில் நேர்ந்த சிதைவு இன்னது' என்று தெரிந்துகொள்கிறது. தெரிந்த பகுதியில் கண்ட சிதைவைக் கொண்டு, அதற்கு இரு பக்கத்திலும் உள்ள தெரியாத பகுதியைச் சீர்செய்துவிடுகிறது. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இடத்தை, புதிதாக ஒன்றும் சொல்லாத வார்த்தைக்கே தானம் செய்துவிடுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். டெலிபோன் கம்பிகளுக்காக இத்தகைய தானியங்கிச் சீரமைப்பை 1965-இல் பெல் ஆராய்ச்சிசாலையில் ராபர்ட் லக்கி என்பவர் அமைத்துக் காட்டினார். விட்ரோவின் சிட்டிகை விதியும் பிறகு அத்துறையிலே பெருவழக்காயிற்று. தாயையும் சிசுவையும் பிரித்த கணக்கே, குன்றின் எதிரொலியையும் குரலையும் பிரிக்கிறது.

இருதயப் பதிவை எடுத்தபின் அதை இயந்திரமே படிக்க வேண்டும் என்ற தேவையும் எழுந்தது. நிமிஷத்துக்கு 70 துடிப்பென்றால் நாள் ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. இருபத்துநாலு மணி நேரப் பதிவை மனிதக் கண்ணால் பார்த்து முடிப்பதற்குள் கண்ணே போய்விடும். 1985-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜியாபு பான், வில்லிஸ் டாம்ப்கின்ஸ் ஆகிய இருவரும் வகுத்த முறை இன்றும் பல கருவிகளுக்கு அடிப்படையாக நிற்கிறது. பதிவில் 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொள்; அது எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்று பார்; அந்த எண்ணை அதனாலேயே பெருக்கு, சிறியது மேலும் சிறுத்துப் பெரியது மேலும் பெருகும்; பிறகு சிறு கால அளவுக்குச் சராசரி எடு; ஒரு வரம்பைத் தாண்டினால் துடிப்பென்று எண்ணு. அந்த வரம்பும் நிலையானதன்று. முன் வந்த துடிப்புகளின் உயரத்தையும் இரைச்சலின் உயரத்தையும் பார்த்துத் தானே ஏறி இறங்கும்.

இம்முறையைப் பாஸ்டன் நகரத்தில் சேகரிக்கப்பட்டு 1980-இல் ஆராய்ச்சியாளருக்கு வழங்கப்பட்ட பதிவுத் தொகுதி ஒன்றின்மீது சோதித்தார்கள். அதில் அரைமணிப் பதிவுகள் 48. ஒவ்வொரு துடிப்பையும் நிபுணர்கள் பார்த்துக் குறியிட்டவை. 100-க்கு 99.3 துடிப்புகள் சரியாகப் பிடிபட்டன. மெச்சத்தக்க வெற்றிதான். ஆயினும் மிச்சமுள்ள 0.7-ஐ நாளொன்றின் லட்சம் துடிப்போடு பெருக்கினால் எழுநூறு தவறுகள். எழுநூறு தடவை வீணாக மணி அடிக்கும் கருவியை நர்ஸுகள் நாளடைவில் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எழுநூற்றோராவது மணி மெய்யானதாக இருந்துவிடலாம். ஆராய்ச்சியாளர் இன்றளவும் அந்த 0.7-ஐப் பற்றி மன்றாடிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 5 முதல் 15 வரை மட்டும் வைத்துக்கொண்ட பதிவில் முன்பு சொன்ன சமவெளி அறவே அழிந்துபோயிருக்கும். எண்ணுவதற்குச் சிறந்த வடிகட்டி, மாரடைப்பைப் பார்ப்பதற்கு உதவாது. எல்லா நோக்கத்துக்கும் ஒரே சல்லடை என்பது இத்துறையில் இல்லை.

கைப்பேசியின் கணக்கும் இருதயத்தின் கணக்கும் ஒன்றே என்றோம். ஓரிடத்தில் அவை பிரிந்து போக வேண்டும், பிரியாவிட்டால் விபரீதம். பேச்சின் நடுவே ஒரு சிறு துணுக்கு வழியில் தொலைந்துபோனால் கைப்பேசி மௌனம் சாதிப்பதில்லை. முன் வந்த துணுக்கையே மறுபடி ஒலித்து இடைவெளியை மூடிவிடுகிறது. வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரந்தான். காது ஏமாந்துபோகிறது, ஒருவருக்கும் நஷ்டமில்லை. இதே உபசாரத்தை இருதயப் பதிவுக்குச் செய்தால் என்ன ஆகும்? துடிப்பு உண்மையிலேயே நின்ற இடத்தில், முந்தைய துடிப்பின் பிரதி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இருதயப் பதிவை அனுப்பும் கருவி, தொலைந்ததைத் தொலைந்தது என்றே வெற்றிடமாகக் காட்ட வேண்டும் என்பது நமது துணிபு. அழகான பொய்யைவிட அசிங்கமான ஓட்டையே வைத்தியருக்கு உதவும்.

நம் நாட்டில் இந்த அனுப்புதல் பல விதமாக வளர்ந்திருக்கிறது. 2001-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றையும் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்து ஆஸ்பத்திரியையும் இணைத்தது. 2019-இல் தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கிய திட்டமொன்றில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் மோட்டார் சைக்கிளில் நோயாளியின் வீட்டுக்கே சென்று, இ.சி.ஜி. எடுத்து, அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து டாக்டர்களுக்கு அனுப்பி, அவர்கள் சொன்னபடி சிகிச்சையைத் தொடங்கினார்கள். கைக்கடிகாரத்தில் இ.சி.ஜி. எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. அது ஒரு திசையிலிருந்து மட்டும், சுமார் அரை நிமிஷம், இருதயத்தைப் பார்ப்பது. தாளம் தவறித் துடிப்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளும், மாரடைப்பைக் கண்டுகொள்ளாது. தயாரிப்பாளர்களே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். கடிகாரம் 'குறை ஒன்றும் இல்லை' என்றது என்று நெஞ்சுவலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பது தகாது. மார்பைச் சுற்றிப் பன்னிரண்டு கோணங்களில் எடுக்கும் பதிவுக்கு அது ஈடாகாது; அந்தப் பன்னிரண்டும்கூடச் சில சமயம் முதல் தடவையில் ஒன்றும் காட்டாமல், சிறிது நேரம் கழித்து எடுக்கும்போது காட்டும்.

இவற்றையெல்லாம்விட மிகுதியாக நம்மவரிடையே நடப்பது வேறொன்று. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ வயதான தகப்பனார் இருக்கிறார். இரவில் மார்பு வலிக்கிறது என்கிறார். பக்கத்திலுள்ள சிறு ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிறார்கள். தம்பியோ மைத்துனரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, தில்லியிலோ புனேயிலோ உள்ள மகனுக்கு அனுப்புகிறார்; மகன் தனக்குத் தெரிந்த டாக்டருக்கு அனுப்புகிறான். ஐந்தோவன் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் செய்ததை நாம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் செய்கிறோம். இந்தப் படம் சென்று சேரும் வழியிலும் இரைச்சல் புகுகிறது: விரலின் நிழல், மடிப்பு, சாய்ந்த கோணம், படத்தைச் சுருக்கி அனுப்பும் செயலி.

பெரும்பாலோர் அவசரத்தில் மேடுபள்ளக் கோட்டை மட்டும் அருகில் வைத்துப் படம் பிடித்து, ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். டாக்டருக்கு வேண்டிய பாதி விஷயம் ஓரங்களில்தான் இருக்கிறது. காகிதத்திலுள்ள சிறு கட்டங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு சிறு கட்டத்தின் அகலம் வினாடியில் 0.04 பங்கு, உயரம் 0.1 மில்லிவோல்ட். கட்டம் மங்கிப்போனால் அளவு போயிற்று. அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் வரியில் காகிதம் ஓடிய வேகம் 25 மில்லிமீட்டர் என்றும், ஒரு மில்லிவோல்டுக்கு 10 மில்லிமீட்டர் என்றும், வடிகட்டியின் வரம்பு இன்னது என்றும் காணப்படும். அந்தக் கடைசி எண்கள் 0.05-இல் தொடங்குகின்றனவா 0.5-இல் தொடங்குகின்றனவா என்பதைப் பார்த்துத்தான், சமவெளியின் ஏற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்று டாக்டர் முடிவு செய்வார். படத்தை மேலிருந்து நேராக, நிழல் விழாமல், நான்கு ஓரமும் அகப்படும்படி எடுத்து, சுருக்காமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த நேரமும் பெயரும் தெரிய வேண்டும். பழைய பதிவு ஏதேனும் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும், ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சிறந்த கருவி வேறில்லை. பதில் வரும்வரை தகப்பனாரை வீட்டுக்குத் திருப்பி அழைத்துச் செல்ல வேண்டாம். அங்கேயே இருக்கட்டும், அல்லது 108 ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படட்டும்.

பல கருவிகள் பதிவின் ஓரத்தில், பெட்டியைப் போன்ற ஒரு சதுர மேட்டை இருதயத்தோடு சம்பந்தமில்லாமல் வரைந்து வைக்கும். சிலர் அதைக் கறை என்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். கைப்பேசியின் 26 இலக்கங்களைப் போல, அதுவும் இரு தரப்பாரும் முன்னமே அறிந்த ஒரு மனப்பாடம்: சரியாக ஒரு மில்லிவோல்ட், சரியாகப் பத்து மில்லிமீட்டர் உயரம். அதுவும் படத்தில் விழட்டும்.